கரி லோரி

பிரிக்பீல்ட்ஸ், 1943

லாத்தா,

மச்சான் குடிக்கவில்லை. புருஷன்மேல் கோபித்துக்கொண்டு கிள்ளான் போனது போதும். பிள்ளைகளோடு திரும்பி வா.

லோரி ஓட்டினார், சுவரில் மோதினார், இறங்கித் தள்ளாடினார், நாக்குக் குழறியது: எல்லாம் உண்மை. குடித்து ஓட்டிய குற்றத்துக்கு அது போதுமாம். வாயில் கள் வாடை அடித்ததா என்று ஸ்டேஷனில் கேட்டேன். "குடிக்காமலா இப்படி ஆடுவான்? போ லா!" என்றார்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பு பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓடும் லோரி அது. இன்று பட்டறையில் கண்ணாடிகளை மூடிவிட்டு நானே உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டேன். வாடையே இல்லை. இறங்கினால் கால் நிற்கவில்லை. "தம்பியும் போட்டுட்டான்டா!" என்று பட்டறையே சிரித்தது.

குழாயில் விரிசல், லாத்தா. வாயு உள்ளே கசிகிறது. அதை மூச்சில் இழுத்தால் குடித்தவன் மாதிரிதான் ஆட்டம்.

அடுத்த வாரம் விசாரணை. லோரியைக் கோர்ட் வாசலுக்கே கொண்டுவருகிறேன். நீ மச்சான் பக்கத்தில் நில். நம்பாதவர் ஏறி, கண்ணாடியை மூடிக்கொண்டு உட்காரட்டும்.

உன் தம்பி