பொட்டலத்தின் பின்பக்கம்

கூகட்பள்ளி, ஹைதராபாத்
செப்டம்பர் 14

அன்புள்ள சௌம்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். கால்கரியில் நீயும் மாப்பிள்ளை வெங்கட்டும் குட்டி ஸ்ரேயாவும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு முன்னாலேயே கம்பளி எடுத்துப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் பாதி நேரம் உன் அம்மாவின் நெற்றிதான் தெரிகிறது, மீதி நேரம் நான் குறுக்கே பேசுவதாக அவள் புகார் சொல்கிறாள். இந்தச் சமாச்சாரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான் காகிதம்.

டிசம்பரில் வரும்போது இதே ஊரில் கச்சிபௌலியில் அடுப்படியோடு ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்கப்போவதாகவும், ஸ்ரேயா நம் வீட்டில் எதுவும் சாப்பிட மாட்டாள் என்றும் போன மாதம் சொன்னாய். அன்று முழுக்க அம்மா டிவிகூடப் போடவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. போன டிசம்பரில் நீங்கள் வந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை நானும் மறக்கவில்லை. ஒரு மாதம் இருக்க வந்தவள் பத்தே நாளில் கிளம்பினாய். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, இந்த வீட்ல குழந்தைக்கு என்ன கொடுக்கறீங்கன்னே எனக்குத் தெரியலப்பா என்றாய். நான் உடனே, மாப்பிள்ளை வழியில் விமான நிலையத்தில் வாங்கிக் கொடுத்த சாக்லேட்தான் காரணம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் சொன்னால் அப்பீல் ஏது? மாப்பிள்ளையும் தங்கமானவர், இருக்கலாம் மாமா என்று தலையை ஆட்டிவிட்டார்.

அப்புறம் அங்கே டாக்டர் பார்த்து, இரண்டு செயற்கை நிறங்கள் ஸ்ரேயாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, லேபிளில் 102, 110 என்ற எண்களைக் கண்டால் கொடுக்காதீர்கள் என்று சொன்னதை எழுதி அனுப்பினாய் அல்லவா, அன்றிலிருந்து நான் பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் அலைகிறேன். வீட்டிலிருந்த பொட்டலங்களை எல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். பொட்டலத்தின் முன்பக்கம் தேர்தல் அறிக்கை, பின்பக்கம்தான் நீதிமன்ற வாக்குமூலம், அதுவும் எறும்பு படிக்கிற எழுத்தில். முன்னால் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டின் பின்னால் முதல் பெயரே மைதா. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள், நீயும் இதைக் கவனித்து வாங்கு. மாம்பழ ஜூஸ் ஒன்றில் மாம்பழத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. பதப்படுத்தும் பொருள் சேர்க்கவில்லை என்று முன்னால் கொட்டை எழுத்தில் பீற்றிக்கொண்ட சாஸில், பின்னால் நிறம் மட்டும் இரண்டு விதம். நம் அடுப்படியில் இல்லாத பெயர் நாலுக்கு மேல் இருந்தால் திரும்ப வைத்துவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெயிலானதன் மேல் சிவப்பு மையில் ரிஜெக்டட் என்று எழுதியும் வைத்தேன். மாடி வீட்டு சாந்தா அதையெல்லாம் வாங்கிப்போய், சார் வீட்டு ரிஜெக்ட்தான் எங்க வீட்டு ஸ்நாக்ஸ் என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மளிகைக் கடை யூசுப், ஆம்பூரிலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கேயே இருக்கிறவர், நான் அலமாரி முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் உருது கலந்து, ஹவ் சார், ஆமா, நல்லாப் படிங்க, ஆனா புக்கைக் கிழிக்கிறது மட்டும் நக்கோ, வேணாம் என்றார்.

இப்படி ஒன்பது மாதம் ஊரில் உள்ள கம்பெனிகளை எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, போன வெள்ளிக்கிழமை அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். பூஜைக்காக அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்து, அதிலிருந்து ஆரஞ்சுப் பொடி ஒரு சிட்டிகை போட்டாள். அது என்ன என்று கேட்டேன். கேசரிப் பவுடர்தான், வேற என்ன, இதுகூடவா தெரியாது என்றாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை. நேரே யூசுப் கடைக்குப் போய் அதே பவுடரின் டப்பாவை வாங்கிப் படித்தேன். நீ அனுப்பிய அதே 102, அதே 110.

நீங்கள் வந்திறங்கிய அன்று காலை கேசரி. மூன்றாம் நாள் காலை, குழந்தை விரும்பிச் சாப்பிட்டாளே என்று மறுபடி கேசரி. மத்தியானம் ஆஸ்பத்திரி. ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு இது உறைக்கவில்லை. வீட்டில் செய்தது என்ற பொட்டலத்துக்குப் பின்பக்கமே கிடையாது, அதனால் நான் படிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் கட்டி தட்டுகிறது என்று அந்தப் பவுடரை டப்பாவிலிருந்து பாட்டிலுக்கு மாற்றி, டப்பாவைக் குப்பையில் போட்டது நான், அதுவே எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. லேபிள் இல்லாத சரக்கு கேட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு தொழிற்சாலையையே மிரட்டிக்கொண்டிருந்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். என் கையாலயா கொடுத்தேன் என்று நாலைந்து தடவை கேட்டாள். பிறகு, அவகிட்ட சொல்லாதீங்க, சொன்னா இந்த வாசப்படியே மிதிக்க மாட்டா, பாட்டிலைத் தூக்கிப் போட்டாச்சு, இனிமே ஜாக்கிரதையா இருந்துட்டாப் போறது என்றாள். இரண்டு நாள் நானும் சும்மாதான் இருந்தேன். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லாமல், வீட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், இல்லை, இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல். இப்போது அடுப்படியில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே என்ன, எப்போது வாங்கியது என்று ஒட்டியிருக்கிறேன். உப்புக்குக்கூட. நீ வந்து எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தூக்கி எறியலாம். நம் வீட்டிலா, கச்சிபௌலியிலா என்பதை நீயே முடிவு செய். எதுவானாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைத் தேடி எழுந்து போன நேரத்தில் வந்து முழுவதும் படித்துவிட்டாள். கிழித்துப் போடுவாள் என்று பயந்தேன். போய்த் துணி மடித்துவிட்டுத் திரும்பி வந்து, ஒன்று விட்டுப்போச்சு, அதையும் எழுதுங்கோ என்றாள். மூன்றாம் நாள் குழந்தை போதும் போதும் என்று கிண்ணத்தைத் தள்ளியதாம், இவள்தான் விடாமல் மடியில் உட்கார்த்தி இன்னும் இரண்டு வாய் ஊட்டினாளாம். எழுதிவிட்டேன்.

மூவரும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். டாக்டர் எழுதித் தந்த மருந்தை விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா சீதாராமன்,
பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா ஜலஜா