நாற்பது விநாடி

தங்கச்சிக்கு ஸலாம்.

கட்டுகஸ்தோட்டையில் மூன்று நாளாக மழை. உம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் படிப்பை இடையில் விட்ட உன்னையும், அந்த வகுப்புகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய எங்கள் சமூகத்துப் பெண்பிள்ளைகளையும் நினைத்துத்தான் அந்த ஒன்லைன் பாடத்தை வடிவமைத்தேன். படிப்பவரின் வேகத்துக்கேற்ப அது மாறும். நாற்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால், தெரியவில்லை என்று எண்ணி, இன்னும் இலேசான கேள்விக்கு இறக்கிவிடும். அந்த விதியை எழுதியது நான்தான்.

கைப்பிள்ளையோடு ஒருத்தி படிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொட்டிலில் இல்மா அழும்போதெல்லாம் நீ பாடம் ஓடும் போனை வைத்துவிட்டு எழுந்திருக்கிறாய். அது உன்னை இறக்கி இறக்கி, கடைசியில் 'மவுஸ் என்றால் என்ன?' என்று கேட்டிருக்கிறது. கெம்பஸில் படிக்கும்போது என்னுடைய புரோகிராமிலேயே பிழை பிடித்தவளிடம்!

பிலிமத்தலாவைக்கு உன்னைப் பார்க்க வந்த உம்மாவிடம், "நான் மக்குதான் உம்மா, மெசினுக்கே வெளங்கிட்டு" என்றாயாம்.

விதியை அன்றே அழித்துவிட்டேன். இனி அது எவ்வளவு நேரமும் காத்திருக்கும். ஆனால் நீ பாடத்துக்குத் திரும்பி வரவில்லை.

இன்று காலை, பாடம் தானாகவே எழுதும் உன் வார அறிக்கையைத் திறந்தேன். 'இந்த வாரம் ஒரு பிழையும் இல்லை, மிக நன்று' என்று அது உன்னைப் பாராட்டியிருக்கிறது.

உன் ராத்தா