அறுபதுக்கு மேல், பெண், மலை

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். கள்ளக்குறிச்சி, மகள் தேவி வீடு.

மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் போன் தானே எழுதிக்கொள்ளும் என்று தேவி காட்டிக் கொடுத்தாள். எழுதியதைப் படிக்க எனக்குத் தெரியாது. அதனால் கூச்சமில்லை. போன் என்னுடையது அல்ல. தேவியின் அம்மாவுடையது. நூறு நாள் வேலைக்குப் பதியும்போது அவள் பேரில் வாங்கியது. அவள் போன பிறகு என் சட்டைப்பையில்.

தேவிக்கு வீட்டிலேயே வேலை. மருமகன் திருப்பூரில். சென்னையில் ஒரு கம்பெனி, போன் வழியாக ஜனங்களிடம் கேள்வி கேட்கிறது. எந்த மாதிரி ஆள் எத்தனை பேர் வேண்டும் என்று தேவி லேப்டாப்பில் கட்டம் போட்டுவைக்கிறாள். கோட்டா என்று பேர். எனக்குப் பிடிபடவில்லை. பந்தி மாதிரிப்பா என்றாள். ஆண்களுக்கு இத்தனை இலை, பெண்களுக்கு இத்தனை, வயசானவர்களுக்கு இத்தனை. இலை நிறைந்துவிட்டால் அடுத்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். பசியோடு வந்தவனை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். ஒரே மாதிரி ஆட்களே உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் பேச்சு வராமல் போய்விடுமாம். நியாயம்தான்.

இந்தத் தடவை கேள்வி கல்வராயன் மலை ஜனங்களுக்கு. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போவது எப்படி, என்ன பாடு. பதிலைப் பார்த்துத்தான் ஆம்புலன்ஸ் எங்கே நிறுத்துவது என்று யோசிப்பார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. போன ஐப்பசியில் தேவியின் அம்மாவை மலையிலிருந்து இறக்கியதை நான் சொல்ல வேண்டும். இப்போதே கேளு என்றேன். தேவி தானாக அனுப்பக் கூடாதாம். மலையில் வீட்டுக்கு ஒரு நம்பர் பதிந்திருக்கிறாள், அதற்கு லிங்க் தானே வரும். நம் வீட்டுக்குப் பதிந்தது இந்த நம்பர்.

ரேஷன் கார்டு மலையில். நான் மலை ஆள்தான். மழை ஓய்ந்தால் ஏறிவிடுவேன்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை இல்லை. கொடி நிறையத் துணி.

மத்தியானம் லிங்க் வந்தது. தேவி பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். ஆணா, பெண்ணா. ஆண். வயது. கார்டில் இருப்பதைச் சொன்னேன், அன்றைக்கு எழுத வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் போட்ட வயது. மலையா, கீழேயா. மலை.

தேவி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு மெதுவாகப் படித்தாள். உங்கள் பிரிவில் போதுமான பதில்கள் கிடைத்துவிட்டன, நன்றி.

நீ போட்ட கட்டம்தானே, இன்னொரு இலை போடு என்றேன். கடைசி ஆள் காலையில்தான் வந்து உட்கார்ந்தானாம். ஒன்று கூட்டினாலும் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்றாள். அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. முறை முறைதான்.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு ஜாஸ்தி. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசி 6, புதன்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். என் மச்சான் சின்னப்பையன் நின்றிருந்தான். தேவி அம்மாவின் தம்பி. மரவள்ளிக்கிழங்கு லோடுகூட இறங்கியிருக்கிறான். பார்த்ததும் கிண்டல். "உனக்கு இன்னா மாமா, பொண்ணு நெழல்ல குந்திகினு மலையையே எண்ணுது."

டீ வாங்கிக் கொடுத்தான். குடிக்கும்போது சொன்னான், அந்தக் கேள்விக்குத் தானும் பதில் சொல்லியாயிற்றாம். நேற்றுக் காலை, மருமகள் படிக்கப் படிக்க. இவனுக்கும் அறுபது தாண்டியாயிற்று, அப்படியென்றால் என் இலையில் உட்கார்ந்தவன் இவன்தான். எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு அவளைப் போர்வையில் கட்டித் தூக்கின டோலியின் முன்கம்பு இவன் தோளில்தான் இருந்தது. இவன் சொன்னால் நான் சொன்ன மாதிரி.

அக்காவைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

"உங்க வூட்ல யாருக்காவது அவசரம் வந்துச்சான்னு கேட்டாங்க மாமா. இல்லன்னுட்டேன். அக்காவைத்தான் கட்டிக் குடுத்தாச்சே, அது உங்க வூடு. உங்க வூட்டுச் சாவை நான் எப்பிடி என் வூட்டுல சேக்கறது?"

இல்லை என்றதும் பாக்கிக் கேள்வியே வரவில்லையாம். சீக்கிரம் முடிந்ததில் மருமகளுக்குச் சந்தோஷம்.

அவன் சொன்னதில் தப்பு கிடையாது. அவள் மேல் பிறந்த வீட்டுக் கோடித் துணியைப் போர்த்திவிட்டுத் தள்ளி நின்றவன். முறைப்படி அவன் வேறு வீடு.

ஆட்டோ பிடிக்கவில்லை. நடந்து வந்தேன். வழியெல்லாம் அதே ஞாபகம். பச்சைக் கட்டம் போட்ட போர்வை. கொட்டகையில் உருவின மூங்கில். ஓடை ரோட்டை அரித்துப் போட்டிருந்தது, ஆம்புலன்ஸ் கீழே தார் ரோட்டோடு நின்றுவிட்டது. முன்னால் அவன், பின்னால் நான். இறக்கத்தில் முன்பக்கம் தாழ்ந்து அவள் சரியக் கூடாதென்று நான் குனிந்தே நடந்தேன். பொழுது சாய்கிற நேரம். வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள். கோழியை மூடினியா. மூடிட்டேன் என்றேன். மூடவில்லை. வண்டி விளக்கு தெரிந்தபோது கை வெளியே தொங்கியது. பிடித்துப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

ஐப்பசி 7, வியாழன்

நல்ல வெயில். தேவிக்குப் படபடப்பு.

கம்பெனியின் மேலதிகாரி அம்மா போனில் சத்தம். மலையில் அறுபதுக்கு மேல் பெண், அந்தக் கட்டத்தில் மட்டும் இன்னும் ஓர் இடம் காலி. மற்றதெல்லாம் நிறைந்தாயிற்று. நாளைக்குள் மூட வேண்டும். லிங்க்கைப் பார்க்கச் சொல்லித் தேவி கூப்பிட்டால் கிழவிகள் போன் எடுப்பதில்லை. எடுத்தால், மகன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். ஒருத்தி தேவியிடமே திருப்பிக் கேட்டாளாம், எத்தனை பிள்ளை, மாமியார் எப்படி, நகை எவ்வளவு போட்டார்கள் என்று. பதில் எல்லாம் வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டாள். சிரித்தோம். இந்த வீட்டில் சிரித்து நாளாயிற்று.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையில் போன் கூவியது. மறுபடியும் அந்த லிங்க், காலி இடத்துக்குப் பொருந்துகிற பேர்களுக்கெல்லாம் தானே போகிறதாம். தேவி அவள் அம்மா பேரைப் படித்தாள், அன்புள்ள என்று போட்டு. பதில் சொல்ல உங்களை அழைக்கிறோம்.

தேவி போனை என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மா நம்பர்தானே. அம்மா மாதிரியே சொல்லுப்பா. எனக்கும் அது போய்ச் சேரணும்."

தலையாட்டினேன். பெண். வயது. மலை. இந்தத் தடவை நிறுத்தவில்லை, உள்ளே விட்டது. அவசரம் வந்ததா. வந்தது, நெஞ்சு வலி. எதில் போனீர்கள். ஆம்புலன்ஸ், பஸ், பைக், ஆட்டோ, மற்றவை. மற்றவை என்றேன். விவரம் எழுத இடம் இருந்தது. போர்வை, மூங்கில், ஓடை, குனிந்து நடந்தது, ஒன்று விடாமல் சொன்னேன். தேவி கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி. இந்த ஒரு வருஷத்தில் அப்படி இருந்ததில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. இப்போது உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது. நன்றாக இருக்கிறது, சுமார், மோசம். மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் மேலே போகும்.

தேவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கொடித் துணியைப் பார்த்தேன்.

"நல்லாக்கீறேன்னு போடு."

தொட்டாள். நன்றி என்று வந்தது. மேலதிகாரி அம்மா உடனே கூப்பிட்டு, சூப்பர் தேவி என்றார்.

ஐப்பசி 8, வெள்ளி

வானம் மூடாப்பு. பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன்.

விடிந்ததும் தேவியிடம் கேட்டேன், எண்ணும்போது இதை எப்படி எண்ணுவார்கள். நினைத்த மாதிரியேதான். மலையில் ஒரு வயசான பெண். நெஞ்சு வலி. தோளில் தூக்கி இறக்கினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆம்புலன்ஸ் மேலே வராவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. கோழியைப் பற்றிச் சொன்ன பொய் அவள் மனசுக்காக. இது யாருக்காக.

எடுத்துவிடு என்றேன்.

"எடுத்துட்டா அம்மா எதுலயும் வரமாட்டாங்கப்பா. அந்த எடத்தைக் காலியாவே மூடிடுவாங்க."

"காலியா கெடக்கட்டும். இல்லாதவள நல்லாக்கீறான்னு சொல்லிட்டனேம்மா."

எடுத்தாள். மேலதிகாரி அம்மாவுக்குத் தானே போன் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, பதில் சொன்னது அம்மா இல்லை, என் அப்பா, அம்மா இறந்துவிட்டார் என்று உள்ளதைச் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து திட்டு. இறந்துவிட்டார் என்று ஒரு பதிலைச் சேர்க்கலாமா என்று தேவி கேட்டாள். பாதியில் கேள்வியை மாற்ற முடியாதாம். அடுத்த தடவை பார்க்கலாமாம். வைத்தபின் தேவி அரிசி களையப் போய்விட்டாள்.

ஞாயிறு மலை ஏற வேண்டும். வாங்க வேண்டியது: டார்ச் பேட்டரி, கல்லுப்பு, சின்னப்பையனுக்குப் புகையிலை.

சாயங்காலம் மூடியாயிற்று என்றாள். உன் அம்மா கட்டம் எது என்று காட்டு என்றேன். லேப்டாப்பைத் திருப்பினாள். எல்லாக் கட்டமும் பச்சை. ஒன்று மட்டும் வெள்ளை. அதன் மேல் விரலை வைத்துப் படித்தாள். அறுபதுக்கு மேல், பெண், மலை, பாக்கி ஒன்று.

விரலை எடுக்காதே, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றேன்.