ஆய்வகத்தில் காயப்போட்ட ஈரத் துண்டுகள் குறித்து

அனுப்புநர்
மு. ஹஸீபா,
முனைவர் பட்ட ஆய்வாளர், இயற்பியல் துறை,
சாரற்சோலை அறிவியல் கல்லூரி,
குற்றாலம் சாலை, தென்காசி.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வித் துறை,
திருநெல்வேலி மண்டலம்.

பொருள்: ஆய்வுக் கருவியின் மேல் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டு என் படிகத்தை உடைத்துவிட்டு, பழியை என் தலையில் கட்டிய கல்லூரி நிர்வாகம் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு மாதம் பாடுபட்டு நான் வளர்த்த படிகம் ஒன்றை, பூச்சியத்துக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் வைத்து, டெராஹெர்ட்ஸ் கதிரால் படமெடுத்து வந்தேன். ஒளிக்கும் வானொலி அலைக்கும் இடைப்பட்ட கதிர் அது. படம் புள்ளி புள்ளியாகத்தான் சேரும். முழுப் படத்துக்கு இருபது நாள் ஆகும். அதுவரை குளிரூட்டும் இயந்திரம் நிற்கவே கூடாது.

2. அந்தக் கதிருக்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள நீராவியே அதைக் குடித்துவிடும். எனவே அறையின் ஈரத்தை இயந்திரம் வைத்து உறிஞ்சுகிறோம். சாரல் நேரத்தில் இந்தப் பக்கம் நாலு நாளானாலும் துணி காயாது என்பது தாங்கள் அறிந்ததே. ஊரிலேயே துணி காயக்கூடிய ஒரே இடமாக என் ஆய்வகம் இருந்தது. அதுவே வினையாயிற்று.

3. கடந்த 12.07.2025 சனிக்கிழமை, படமெடுப்பின் பதினாறாம் நாள், கல்லூரிச் செயலாளரின் விருந்தினர் நால்வர் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தனர். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களுடைய ஈரத் துண்டுகள் குளிரூட்டும் இயந்திரத்தின் கம்ப்ரசர் மேல் விரிக்கப்பட்டன. சூடு வெளியேறும் வழி அடைபட்டு இயந்திரம் நின்றது. மாலைக்குள் குளிர் போய், படிகம் இரண்டாகப் பிளந்தது. ஆய்வக உதவியாளர் முத்துசெல்வி அழுதுகொண்டே சொன்னதை, அவர் சம்மதத்துடன் அப்படியே தருகிறேன்: "நான் வேண்டாம்னுதான்க்கா சொன்னேன். 'சூடாத்தான இருக்கு, சீக்கிரம் காஞ்சிரும், போடுட்டி'ன்னு செயலாளர் ஐயா சொல்லிட்டாவ. நான் என்ன செய்ய?"

4. கல்லூரி நிர்வாகத்தின் 17.07.2025 நாளிட்ட விசாரணை அறிக்கையோ, "ஆய்வாளரின் கவனக்குறைவு" என்கிறது. அன்று வெளியாட்கள் எவரும் கல்லூரிக்குள் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், ஐயா. என் ஆய்வகச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த அறிக்கை நின்றால் என் ஆய்வுப் பதிவே ரத்தாகும். எனக்கு வயிறு எரிகிறது.

5. ஆகவே அந்த அறிக்கையை ரத்து செய்து, சாவியைத் திருப்பித் தரவும், மீண்டும் ஒரு படிகம் வளர்க்கப் பதினான்கு மாத அவகாசம் வழங்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். உண்மையைச் சொன்ன முத்துசெல்வியின் வேலைக்கு எந்தப் பங்கமும் வரக் கூடாது. பணிவாகத்தான் கேட்கிறேன், ஆனால் விடுவதாக இல்லை.

இடம்: தென்காசி
நாள்: 21.07.2025

இப்படிக்கு,
மு. ஹஸீபா

இணைப்பு:
1. கம்ப்ரசர் நின்ற நேரத்தைக் காட்டும் பதிவு.
2. பிளந்த படிகத்தின் புகைப்படம்.
3. கம்ப்ரசர் மேலிருந்து நான் எடுத்த பச்சைக்கரைத் துண்டு ஒன்று, எண்ணெய்க் கறையுடன். அன்று வெளியாட்கள் எவரும் வரவில்லை என்பதால் இதற்கு உரியவர் இல்லை. எவரேனும் கேட்டு வந்தால், கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடவும்.