பெரிய தெருவில் காற்றுப் பிடித்த அம்மன்

இன்று காலை வேனைத் திறந்து, எண்ணெய் வடிக்கும் குடுவைக்குள் அடைத்திருந்த பட்டுக் கழிவை மாற்றினேன். பழையது கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. சூடேறிய எண்ணெயும் பட்டும் கலந்த அந்த நாற்றம் சோப்பு போட்டும் விரலை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுதான். உன் சட்டை என்றைக்கும் இப்படித்தான் நாறும். உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டேன். "தனியா சிரிக்கிறதுக்கு இன்னா இருக்குது?" என்றாள் என் மனைவி. இருக்கிறது. நேற்றுத்தான் நம் அம்மன் ஊர்வலம் முடிந்தது. நீ கண்ணை மூடியபின் வந்த முதல் ஆடி. அதை உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வேன் நம் இரண்டு பேருக்கும் பொது. கல்யாணப் பட்டெடுக்க வருகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகச் சுற்றுவது பிழைப்பு. வேனில் கால் வைத்ததும் அவர்கள் கேட்பது ஏசியைத்தான். அந்த ஏசியில்தான் நீ கை வைத்தாய். கேஸ் எல்லாம் ஒழுகிப்போய்க் குளிர் நின்றிருந்தது. பழுது பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

"கம்ப்ரசர் நல்லாதான் இருக்குதுபா. கேஸை அமுக்கறது காத்தை அமுக்காதா? ஓரிக்கை ஆத்தோரம் டிராக்டர் டயர் படுத்துச்சுன்னா காத்துக்கு எங்க போவாங்க? நாம கொண்டுபோவலாம்."

"பொண்ணு வீட்டுக்காரங்க வேர்த்து ஊத்திக்கினு உக்காருவாங்களா?"

"ஜன்னலைத் தொறந்துவுடு."

உன் திறமையில் முதல் கம்ப்ரசர் அன்றைக்கே செத்தது. பன்றியைப் போல ஒரு கத்தல், பெல்ட்டிலிருந்து புகை, அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கேஸோட சேந்துதான் எண்ணெயும் சுத்திக்கினு இருந்திருக்குது. கேஸ் போச்சு, எண்ணெயும் போச்சு. பட்டினி போட்டு ஓட்டிட்டோம்பா." பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொன்று வந்தது. காற்று உள்ளே போகும் வழியில் எண்ணெய் சொட்ட வைத்தாய். அது மறுபக்கம் காற்றோடு சேர்ந்து பீய்ச்சி, என் வெள்ளை வேட்டியைப் பாழாக்கியது. அப்புறம்தான் உங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டுக் கழிவை அள்ளி வந்து குடுவைக்குள் திணித்தாய். எண்ணெய் பட்டில் தங்கியது, காற்று மட்டும் வெளியே வந்தது. பின் சீட்டுக்கு அடியில் லாரியின் பழைய காற்றுத் தொட்டி. அது நிறைந்ததும் கம்ப்ரசர் 'டக்' என்று தானாக நின்றது. நீ என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மன்னிக்கவில்லை. ஏசி போனதில் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

அந்த வருட ஆடியில்தான் நமக்கு அனுமதி கிடைத்தது. நம் காலனி அம்மன் டிராக்டர் டிரெய்லரில் ஏறி நம் தெருக்களைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள். பெரிய தெருவுக்குள் போனதில்லை, விட்டதில்லை. நம் அப்பாக்கள் கேட்டார்கள், நாம் கேட்டோம். கடைசியில் பெரிய தெருக்காரர்கள் சரி என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. பெரிய தெருவில் எங்கும் நிற்காமல் போக வேண்டும்.

காலனியே கொண்டாடியது. நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "நிக்காம போறதுக்கு அவ இன்னா பஸ்ஸா? சாமி வந்தா வாசல்ல நிக்கணும். தட்டு எடுத்துக்கினு ஒருத்தர் வெளிய வரணும். அப்பதான் அவ வந்ததா அர்த்தம்."

சாயங்காலம் பெரிய தெருவில் நுழைந்தோம். நம் வேன் மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் வந்தது. கதவுகள் பாதி சாத்தியிருந்தன. பார்க்கிறார்கள் என்று தெரிந்தது, வெளியே யாரும் வரவில்லை. அப்போதுதான் டிரெய்லரின் இடப்பக்க டயர் மெல்லப் படுத்தது. அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஓடி வந்தார். "நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பஞ்சர் சார்," என்றாய்.

"டயரைக் கழட்டி மாத்து."

"அம்மன் மேல இருக்கறா சார். பொறப்பட்டவ வீடு திரும்பற வரிக்கும் ஜாக்கி போட்டுத் தூக்கக் கூடாது, எறக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. அங்கங்க நின்னு காத்துப் புடிச்சிதான் கூட்டிக்கினு போவணும்."

அவர் அம்மனைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். "சீக்கிரம் புடி," என்றார்.

நீ வேனிலிருந்து குழாயை இழுத்து வந்து டயருக்கு அருகில் குந்தினாய். உஸ்ஸென்று காற்று ஏற ஏற, அம்மன் எங்கள் கண் முன்னால் நிமிர்ந்தாள். எதிர் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எங்க வாசல்லியாபா நிக்கிறா?"

"ஆமாம்மா."

உள்ளே போனவள் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தாள். நாலு வீடு தள்ளி மறுபடி டயர் படுத்தது. மறுபடி குழாய், மறுபடி ஒரு தட்டு. தெருவின் பாதியைத் தாண்டியபோது ஆட்கள் தட்டோடு காத்திருந்தார்கள். "எங்க வீட்டாண்ட எப்ப நிக்கும்?" என்று உன்னிடம் கேட்டார்கள். தெருக்கோடியில் அந்தப் போலீஸ்காரரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் அழுதேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, நல்ல வேளை.

மறுநாள் ஓட்டையை அடைக்கலாம் என்று ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டையே இல்லை, வால்வு பின் மட்டும் தளர்ந்திருந்தது. உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "அரைத் திருகு போதும்பா. அதுக்கு மேல போனா டயர் உக்காந்துடும். ஏசி போச்சு ஏசி போச்சுன்னு அழுதியே, இப்ப சொல்லு."

ஒவ்வொரு ஆடியிலும் அந்த நிபந்தனை அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் நமக்குப் பஞ்சர் ஆனது.

இந்த வருடம் காலனிப் பிள்ளைகள் டிரெய்லருக்குப் புது டயர் போட்டுவிட்டார்கள். சேதி பெரிய தெருவுக்கும் போயிருக்கிறது. நேற்றுக் காலை அந்த முதல் வீட்டு அம்மா கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புது டயராமே. அப்ப எங்க வாசல்ல நிக்க மாட்டாளா?" அவள் கண் கலங்கியிருந்தது.

"நிப்பாம்மா," என்றேன்.

அம்மனை ஏற்றிவிட்டு எல்லோரும் பூ கட்டுவதில் மும்முரமாக இருந்தபோது, வால்வு பின்னைத் திருகும் உன் சாவியை எடுத்துக்கொண்டு டயருக்கு அருகில் குந்தினேன். அரைத் திருகு. சாயங்காலம் சரியாக அவள் வாசலில் டயர் படுத்தது. தட்டோடு அவள் நின்றிருந்தாள். நான் குழாயை இழுத்தேன், அம்மன் நிமிர்ந்தாள்.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டையும் இப்போது உன் சட்டையைப் போலவே நாறுகிறது.