இருபது அங்குலம் போதும்

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முனகுகிறது, நீயும் உன் வேலையும் அந்த ஹூஸ்டன் வீடும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அந்த ஊர் வெக்கைக்குத் தண்ணீர் நிறையக் குடி. இங்கே ஆகஸ்டு பிறந்ததிலிருந்து காட்டுத்தீப் புகை பள்ளத்தாக்கில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, எதிர்மலை கண்ணுக்குத் தெரியவில்லை, துவைத்த சட்டையெல்லாம் கருகின வாடை. நாய்க்கு வயதாகிவிட்டது, கூப்பிட்டால் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார், இயற்பியல் பாடத்தில் கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று என்னிடம் சொன்னார், சமையல் வகுப்பில் அடுப்பையும் எடுத்துவிடலாமே என்றேன், அன்றிலிருந்து என்னைக் கண்டால் வேறு பக்கமாக நடக்கிறார். ஹக்கிள்பெரி இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, உனக்காக இரண்டு பை பறித்து உறைய வைத்திருக்கிறேன், நீ வேட்டைக்கு வரும்போது சாப்பிடலாம்.

அந்த வேட்டை விஷயமாகத்தான் எழுதுகிறேன். பதினாறு வயதிலிருந்து வருஷம் தவறாமல் மலையாட்டு வேட்டை அனுமதிச் சீட்டுக் குலுக்கலுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாய், இந்த ஜூனில் உன் பெயர் விழுந்தது என்று நீ ஃபோனில் கத்தினபோது நானும் இங்கே தனியாக நின்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை உனக்கு அந்தச் சீட்டு விழும் என்று நான் நம்பவில்லை, நீயும் நம்ப வேண்டாம். மறு வாரமே உன் அம்மா கூப்பிட்டாள். டுவெயின் பிரிட்டாவுக்குன்னு ஒரு துப்பாக்கி செஞ்சு தர்றார், இருபத்தாறு அங்குலக் குழல், கையில எடுத்தா எடையே தெரியாதாம், அவரே கூட மலைக்கும் வர்றார், நீங்க நடுவுல புகுந்து எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க என்றாள். நான் சரி என்று வைத்துவிட்டேன். என் சிநேகிதனாக இந்த வீட்டுக்குள் நுழைந்து என் மேஜையில் சாப்பிட்டு, பிறகு உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனவனைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் பொறாமை என்றுதான் கணக்கில் வரும், அதனால் இத்தனை வருஷமும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவன் ஒரு முட்டாள் என்பது பொறாமையில் வராது, அது அவன் துப்பாக்கிக் கடைக்குள் போய்ப் பத்து நிமிஷம் நின்றால் யாருக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு பெட்டி தோட்டா வாங்கப் போனேன். கல்லாவுக்கு முன்னால் நாலு பேர் கூடி நிற்கிறார்கள், டுவெயின் மீன் நிறுக்கிற கொக்கித் தராசில் ஒரு துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரசங்கம் செய்கிறான். என்னைப் பார்த்ததும், வாங்க வாத்தியாரே, நல்ல நேரத்துல வந்தீங்க, இதைத் தூக்கிப் பாருங்க, இறகு, இறகு என்றான். தூக்கிப் பார்த்தேன். குறிபார்க்கிற ஸ்கோப் இல்லை, தோள்வார் இல்லை, உள்ளே தோட்டா இல்லை. இதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டா மலையேறப் போகிறீர்கள் என்று கேட்டேன். இங்கயும் பரீட்சை வைக்க ஆரம்பிச்சிட்டாருப்பா என்று அவன் சொல்ல, நாலு பேரும் சிரித்தார்கள், அதில் இரண்டு பேர் என்னிடம் படித்துத் தோற்றவர்கள், அவர்கள் சிரிப்புக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இந்த ஊர்க்காரர்களின் புத்தியே இதுதான் பிரிட்டா. கைப்பிடிக் கட்டையைச் சுரண்டி, திருகாணிக்கெல்லாம் டைட்டானியம் போட்டு, கையளவு எடை குறைத்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அதன் முன்னால் ஒரு கொடிக்கம்பத்தைச் செருகுவார்கள். கொடிக்கம்பத்தின் நுனியில் சத்தம் அடக்குகிற குழாய் வேறு, அது இன்னும் ஏழு அங்குலம். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் பெருக்குகிறவர்கள் கூட இவ்வளவு நீளம் பிடிப்பதில்லை.

ஏன் இருபத்தாறு என்று கேட்டேன். வேகம் வாத்தியாரே வேகம், குழல் நீளமா இருந்தா குண்டு வேகமாப் போகும், இது கூடவா உங்க புஸ்தகத்துல இல்ல என்றான். இருக்கிறது, அவனுக்குப் புரியாத மீதியும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. உனக்குச் செய்யப்போகிற துப்பாக்கிக்கு அவன் வைத்திருப்பது மிதமான தோட்டா, அது ஒன்றைத்தான் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான், அதுவும் நீ சொல்லித்தான் இருக்கும். அதன் வெடிமருந்தில் பெரும்பாகம் முதல் சில அங்குலங்களிலேயே வேலையை முடித்துவிடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு அங்குலமும் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுக்கும். இருபத்தாறை இருபதாக வெட்டினால் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு போகும், அவ்வளவுதான். இருநூறு கெஜத்தில் நிற்கிற ஆட்டின் நெஞ்சில் அது ஒரு விரல் அகலம் கூட ஏற்ற இறக்கம் காட்டாது. அந்த ஒரு விரலுக்காக நீ சுமக்க வேண்டியது என்ன என்று பார். கூடுதல் எடை பெரிதில்லை, ஒரு பெரிய ஆப்பிள் அளவு, ஆனால் ஆப்பிளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம், இதைக் கம்பின் நுனியில் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதை விட மோசம், மெலிந்த குழல் நீள நீளத் தொய்யும், இரண்டு குண்டு போய்ச் சூடேறினதும் மூன்றாவது தன் இஷ்டத்துக்குப் போகும், முகட்டில் காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளும். எடைக்கு எடை பார்த்தால் குட்டைக் குழல்தான் விறைப்பாக நிற்கும், இது கம்பியைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அதற்காக இன்னொரு கூட்டம் இருக்கிறதே, பதினாறு அங்குலமாக நறுக்கிக்கொண்டு திரிகிறவர்கள், அவர்கள் பேச்சையும் கேட்காதே. ஹூஸ்டனில் சுடும் பயிற்சி மேடையில் உட்கார்ந்து காதை மூடிக்கொண்டு சுட்டால் அது அழகாகத்தான் இருக்கும். மலையில் காது திறந்திருக்கும், மேலேறி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாய், முன்பக்கம் கனமில்லாத துப்பாக்கி உன் மூச்சோடு சேர்ந்து ஆடும், சுட்டதும் வருகிற வெடிச்சத்தத்தில் அடுத்த தடவை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக்கொள்வாய். வீடியோவில் தாடி வைத்துக்கொண்டு பேசுகிற ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் துப்பாக்கி அனுப்புகிறவன் சொல்ல விடமாட்டான். கையில் நிற்கிற அளவுக்கு முன்கனம் வேண்டும், புதரில் மாட்டாத அளவுக்குக் குட்டையாகவும் வேண்டும், இரண்டும் கூடுகிற இடம் இருபது. சத்தக் குழாய் மாட்டியே தீருவேன் என்றால் பதினெட்டு. நான் என் துப்பாக்கியை இருபதாக வெட்டி நெடுநாள் ஆகிறது, ஒரு நாளும் அந்த ஆறு அங்குலத்தைத் தேடினதில்லை.

இதெல்லாம் வாதம், வாதத்துக்காக மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன், நீ கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்திருப்பாய், நானும் பேசாமல் ஹக்கிள்பெரிப் பலகாரம் சுட்டுக் கொடுத்திருப்பேன். விஷயம் வேறு. லீலண்டை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், இப்போது டுவெயினிடம்தான் வேலை பார்க்கிறான், போன வருஷம் மலையாட்டுச் சீட்டு அவனுக்கு விழுந்தது. முதலாளியும் கூடவே கிளம்பினான். வெறுங்கையோடு இறங்கி வந்தார்கள், லீலண்டின் மணிக்கட்டு உடைந்திருந்தது. பய பனியில வழுக்கிட்டான், நான் மட்டும் இல்லன்னா இன்னிக்குக் கருமாதி, என்று டுவெயின் காப்பிக் கடையில் உட்கார்ந்து குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரும் நம்பி அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தது. வசந்தத்தில் லீலண்ட் என் வேலியைச் சரிசெய்ய வந்தான், சுத்தியலை இடது கையில் பிடித்துத் தடுமாறினான், ஏன்டா என்றதும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

சார், நான் வழுக்கல என்றான். நடந்தது இதுதான். பாறை விளிம்பில் இரண்டு அடி அகலத் தடம், இடது பக்கம் சுவர், வலது பக்கம் ஒன்றுமில்லை. டுவெயின் முன்னால் போகிறான், அந்த இருபத்தாறு அங்குலத்தை முதுகுப்பையின் பக்கவாட்டில் நட்டுக் கட்டியிருக்கிறான், குழல் தலைக்கு மேலே இரண்டு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஓரிடத்தில் பாறை கூரை மாதிரி வெளியே வந்திருக்கிறது. மனுஷன் தன் தலைக்குக் குனிந்தான், துப்பாக்கிக்குக் குனியவில்லை. குழல்வாய் பாறையில் முட்டி அவனை அப்படியே வெளிப்பக்கம் தள்ளியது. பின்னால் வந்த லீலண்ட் பையின் பட்டையைப் பிடித்து இழுத்தான், இரண்டு பேரும் சுவரோடு விழுந்தார்கள், டுவெயினின் முழு கனமும் லீலண்டின் கைமேல். எந்திரிச்சதும் முதல்ல என்ன சார் கேட்டாரு தெரியுமா, குழல் வளைஞ்சிடுச்சான்னு கேட்டாரு, என்று லீலண்ட் சொல்லிச் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு இறங்கி வருகிற வழியிலேயே, கடையில இருக்கிற சரக்கு விக்கணும்டா, இதை வெளிய சொன்னா உனக்கும் வேலை இல்ல எனக்கும் யாவாரம் இல்ல, என்று தோளில் தட்டியிருக்கிறான். லீலண்டுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, சொல்லவில்லை. சீட்டும் போயிற்று.

அதே தடத்தில்தான் அக்டோபரில் உன்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான், உன் முதுகிலும் அதே நீளத்தைக் கட்டி. நீ அவனை விடக் குள்ளம், குழல் உன் தலைக்கு மேல் இன்னும் உயரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். தன் உயிரைக் காப்பாற்றியவனையே வழுக்கி விழுந்தவனாக்கின ஒருத்தன் உனக்குப் பின்னால் நின்று உன் பையைப் பிடித்து இழுப்பான் என்று நான் நம்பிக்கொண்டு இங்கே புகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அவன் நீளக் குழல் கேட்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வான், பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கத்து ஆட்டைச் சுட்டுவிடலாம் என்பான். சுடலாம். செத்த ஆடு அது நின்ற விளிம்பிலிருந்து உருண்டு, கொம்பு ஒரு பக்கம் உடல் ஒரு பக்கமாக, எவனும் இறங்க முடியாத இடத்தில் போய்க் கிடக்கும். மலையாட்டை எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டோம் என்பதா பெருமை, அது சமமான இடத்துக்கு வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கத் தெரிவதுதான் வேட்டை. கிட்டே போய்க் காத்திருக்கிறவளுக்கு இருபத்தாறு எதற்கு.

குழல் இன்னும் வெட்டவில்லை, அடுத்த வார வெள்ளிக்கிழமைதான் கடைசல் இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள் என்று லீலண்ட் சொன்னான். நீளமாக விட்டதைப் பிறகு வெட்டலாம் என்று நினைத்துக் காத்திருக்காதே, வேட்டைக்கு முன்னால் மறுபடி அதைக் கழற்றி நறுக்க அவனுக்கு நேரமும் வராது மனசும் வராது. கடிதம் கிடைத்ததும் நீயே கடைக்கு ஃபோன் போட்டு, எனக்கு இருபது வேண்டும் என்று சொல், அதற்கு மேல் விளக்கம் சொல்லாதே, விளக்கம் சொன்னால் அவன் பேச ஆரம்பிப்பான். துப்பாக்கி எதுவானாலும் பையில் குழல் கீழ்நோக்கி இருக்கும்படியோ, தோளுக்கு மேல் எழாதபடியோ கட்டு, குழல்வாயில் பனி புகாமல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள், நடக்கும்போது உள்ளே தோட்டா வேண்டாம். அந்தத் தடத்தில் அவனுக்கு முன்னால் நீ போக வேண்டாம், ஒட்டிப் பின்னாலும் வேண்டாம், அவன் தாண்டிப் போய் உட்கார்ந்த பிறகு தனியாகத் தாண்டு. கம்பளி உள்சட்டை இரண்டு எடுத்து வா. கடவுள் உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நல்ல ஆட்டோடு, முழு உடம்போடு இறங்கி வர வேண்டும், அதைத் தவிர இந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இன்னும் ஒன்று. நீ இருபது என்று சொன்னதும் டுவெயின் உடனே, யார் சொல்லிக் குடுத்தது, உங்கப்பாவா என்று கேட்பான், உன் அம்மா மறு ஃபோனில் அதையே கேட்பாள். என் பெயர் வந்தால் குழல் இருபத்தாறிலேயே நின்றுவிடும், என்னிடம் யார் பேசினார்கள் என்று தேடிக்கொண்டு போய் லீலண்டையும் சனிக்கிழமைக்குள் வேலையை விட்டு அனுப்பிவிடுவான். உனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும், ஃபோனில் கூட உன் குரலில் அது தெரியும். அதனால் கேட்டால், யாரோ எழுதியிருந்தார்கள், கீழே கையெழுத்து இல்லை என்று சொல், அது உண்மையாகவே இருக்கும். வழக்கமாக அப்பா என்று எழுதுகிற இடத்தை விட்டுவிட்டு உறையை ஒட்டுகிறேன், தபால் வண்டி வருவதற்குள் போட்டுவிட வேண்டும்.