கடைசி வரிசையிலிருந்து கொல்லிமலை

நாமக்கல்,
மாசித் திங்கள் இருபதாம் நாள்.

அன்பு மகள் மதுமதிக்கு,

நானும் உன் தாயும் நலம். இலண்டனில் நீ நலமாக இருப்பதை உன் தாயின் அலைபேசிப் பேச்சிலிருந்து, அடுத்த அறையில் அமர்ந்தபடி நாள்தோறும் அறிந்துகொள்கிறேன். ஆகவே அதைக் கேட்டு இக்கடிதத்தைத் தொடங்கவில்லை. உன் தம்பி கதிருக்கு வைகாசி ஒன்பதாம் நாள் திருமணம் என்று உறுதி செய்துவிட்டோம். பெண் திருச்செங்கோட்டுப் பக்கம்; ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி வைத்திருக்கும் குடும்பம். அமைதியானவர்கள், என் மேடைப்பேச்சை இதுவரை கேட்டதில்லை என்பது காரணமாக இருக்கலாம். உன் தாய்க்கு இடது முழங்கால் வலி இருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார், அவளோ பண்ணையில் நடப்பது போதும் என்கிறாள். பெரிய கொட்டகையின் கோழிகள் விற்பனையாகிவிட்டன. புதுக் குஞ்சுகள் வரும்வரை அது வெறுமையாகக் கிடக்கிறது. அழைப்பிதழ் அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது. நீ வருவாயா என்பது ஒன்றே இந்த வீட்டில் விடை தெரியாத கேள்வி. அப்பா அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால்தான் ஊட்டுப் படி ஏறுவேன் என்று நீ உன் தாயிடம் சொன்னதை அறிவேன்.

அந்தச் சொல்லை நானும் மறக்கவில்லை. பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, நாடக அரங்குகளுக்குக் காட்சித்திரை தீட்டக் கற்கப்போகிறேன் என்று நீ பெட்டி கட்டிய நாளில், சமையலறை வாசலில் நின்று சொன்னேன்: "துணியில் சாயம் பூசக் கடல் கடக்க வேண்டுமா? நம் ஊரில் சரக்குந்துகளுக்கு வண்ணம் அடிப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரிடம் போய் எடுபிடியாகச் சேர்." மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாற்பத்தோர் ஆண்டுகளாக மேடையேறுகிறேன். கல் விழுந்தபோதும் வழக்குத் தொடுத்தபோதும் சொன்ன சொல் ஒன்றையும் நான் திரும்பப் பெற்றதில்லை. அதைப் பெருமையாகவே கருதிவந்தேன்.

இனி நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன். நம் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். மழை பொய்த்த ஓர் ஊரின் கதை. காட்சி முழுவதும் கொல்லிமலை பின்னணியில் தெரிய வேண்டும். முப்பதடி அகலத்தில் திரை தேவைப்பட்டது. என் சொல்லை மெய்ப்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வாராது என்று எண்ணி, சரக்குந்துக் கூண்டு கட்டும் பட்டறையில் வண்ணம் தீட்டும் தண்டாயுதபாணியை அழைத்தேன். அவர் கை தேர்ந்த கை. எனாமல் வண்ணத்தில், பன்னிரண்டு நாளில், மரத்துக்கு மரம் இலை வைத்து, அருவிக்கு நுரை வைத்து, மலையுச்சியில் ஒரு கழுகையும் நான்கு மூலைகளில் தாமரைகளையும் வைத்து முடித்தார். நாள்தோறும் அருகே நின்று பார்த்து வியந்தேன். ஒத்திகையன்று மடித்த துணியை விரித்தபோது மடிப்புக்கு மடிப்பு வண்ணம் வெடித்திருந்தது. விளக்கைப் போட்டதும் மலை கண்ணாடியாக மின்னி எதிரில் இருந்தவர்களின் கண்ணைக் கூச வைத்தது. திடலின் கோடியிலிருந்து உன் தாய், "ஏனுங்க, மலை எங்கீங்க? பச்சைத் தார்ப்பாயை ஆரோ காயப் போட்டாப்பல இருக்குதுங்க" என்று உரக்கக் கேட்டாள். ஒலிவாங்கி இல்லாமலேயே அவள் குரல் எல்லோரையும் எட்டியது.

விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. உன் தாய் என்னைக் கேளாமலே உன்னைக் கேட்டாள். நீ அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பைக் கதிர் படியெடுத்து என் மேசையில் வைத்தான். யாருடைய கையெழுத்துமின்றி வைத்தான். நானும் யாருடையது என்று கேட்கவில்லை. எடப்பாடியிலிருந்து காடாத் துணி வந்தது. நம் வெற்றுக் கொட்டகையில் தரைமேல் மரச்சட்டம் பரப்பி, நான்கு புறமும் இழுத்து ஆணி அறைந்தோம். மெல்லிய கஞ்சியை முதலில் பூச வேண்டும், அது தண்ணீர் போல் இருக்க வேண்டும் என்பது உன் குறிப்பு. நான் மேடைக்கு உடுத்தும் வேட்டிக்குரிய பதத்தில் காய்ச்சச் சொன்னேன். புள்ள தண்ணியாட்டன்னு எழுதியிருக்குதுங்க என்று உன் தாய் தடுத்தாள். நாற்பது ஆண்டுகளாகக் கஞ்சி வேட்டி உடுத்துபவனுக்குப் பதம் சொல்லாதே என்றேன். மறுநாள் ஒரு மூலையில் வண்ணம் தடவிப் பார்த்தோம். அப்பளம்போல் உரிந்து வந்தது. "மொடமொடன்னு நிக்கறதுக்கு இது வேட்டிங்களா? மலைங்க" என்றாள் உன் தாய். துணியை அலசி உலர்த்தி மீண்டும் அறைந்ததில் இரண்டு நாள் போயிற்று. அதன்பின் ஒரு வரியையும் நான் திருத்தவில்லை. அடிக்கு அடி கரி தடவிய கயிற்றை இழுத்துத் தட்டிக் கட்டம் போட்டோம். பசை கலந்த நீர் வண்ணம், மூங்கில் நுனியில் கட்டிய தூரிகை, நின்றுகொண்டே தீட்டுதல், தொலைமலைக்கு நீலத்தைக் கூட்டி நிறத்தை வெளுக்க விடுதல், எங்கும் கறுப்பு வேண்டாம். தண்டாயுதபாணி முதலில் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் ஏணி மேலேறி அவராகவே பார்க்கத் தொடங்கினார். ஆனால், முடிந்த படத்தின்மேல் மூன்று நிறங்களைத் தூரிகையால் உதறித் தெளிக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. "வரைஞ்ச கையாலயே அழுக்குப் பண்ணச் சொல்றீங்களே, என்னால ஆவாதுங்க ஐயா. நீங்க வேணும்னா செய்யுங்க, உங்களுக்குத்தான் நல்லா இருக்கறதுமேல சேத்தை எறிஞ்சு பழக்கம்" என்றார். நானே தெளித்தேன். காவி, வெளிர்நீலம், பழுத்த இலையின் மஞ்சள். பாதி துணியிலும் பாதி என் வேட்டியிலும் விழுந்தது. குனிந்து பார்த்தேன், அம்மை வார்த்த முகம்போல் இருந்தது. எல்லாம் கெட்டது என்றே முடிவு செய்தேன்.

சென்ற ஞாயிறு மாலை திரையை ஏற்றினார்கள். மேடையில் நிற்பவன் திரைக்கு முதுகு காட்டியே நிற்கிறான். என் பின்னால் இத்தனை ஆண்டுகளாக என்ன தொங்கியது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று திடலின் கடைசி வரிசை வரை நடந்து போய் நின்றேன். நான் தெளித்ததில் ஒரு பொட்டும் தெரியவில்லை. முன்மலை முன்னே நின்றது, அதன் பின்னே ஒன்று, அதற்கும் பின்னே கரைந்துபோன நீலமாய் இன்னொன்று. விளக்கின் நிறத்தை மாற்றியபோது மலைமேல் பொழுது மாறியது. தண்டாயுதபாணி என் அருகே வந்து நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, அடிமலை நான் போட்டதுங்க. அந்தக் கடைசி மலை ஆரு போட்டதுங்க?" என்றார். அதுவும் அவர் தீட்டியதுதான். ஆனால் சொல்ல வேண்டிய பெயர் வேறொன்றாக இருந்தது.

விழா மேடையில் உன் பெயரைச் சொன்னேன், கைதட்டினார்கள். வீடு திரும்பும்போது உன் தாய், "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்க, அவகிட்டச் சொன்னீங்களா?" என்றாள். அவள் கேட்டது சரி. மேடையில் சொல்லாத சொல்லை மேடையில் திரும்பப் பெற இயலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்: அன்று சமையலறை வாசலில் நான் சொன்னது தவறு. அது உன் கல்வியை இகழ்ந்தது. தண்டாயுதபாணியின் தொழிலையும் இகழ்ந்தது. அவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். உன்னிடம் இப்போது சொல்கிறேன். அச்சொல்லை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். இதற்கு விளக்கவுரை இல்லை.

வண்ணத்தூள் பறக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய். நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுங்க சாமிய என்று உன்னைக் கொஞ்சியபடி உன் தாய் இரண்டு முறை நினைவூட்டிவிட்டாள். திரையை மடிக்காமல் மூங்கிலில் சுருட்டி, உன் குறிப்பின்படியே கொட்டகையின் உத்தரத்தில் கட்டியிருக்கிறோம். கறுப்பு இல்லாமல் நிழல் எப்படி வந்தது என்று தண்டாயுதபாணி நாள்தோறும் வாசலில் வந்து கேட்கிறார். எனக்கு விடை தெரியாது. வைகாசி ஒன்பது. மறவாதே.

எல்லா நலமும் பெற்று வாழ்க.

உன் தந்தை,
தமிழரசு.